சோர்சரி (இங்கிள் கேம்): ரீவைண்ட் இருக்கறப்ப சாய்ஸுக்கு என்ன மரியாதை?

கொல்லிமலைக்காரன்

நாலு பார்ட்டும் முடிச்சிட்டுதான் எழுதுறேன். பார்ட் 1, 2 பத்தி தாராளமா பேசலாம். 3, 4ல கை வைக்கறவங்க முதல் வரிலயே ஸ்பாய்லர்னு சொல்லிடுங்க.

தெரியாதவங்களுக்காக: 1983ல இருந்து 85 வரைக்கும் ஸ்டீவ் ஜாக்சன் எழுதுன நாலு கேம்புக் இது, "இப்படி செஞ்சா இந்த நம்பருக்குப் போ"ன்னு வரும்ல அந்த டைப். அத கேம்பிரிட்ஜ்ல இருக்கற இங்கிள்ங்கற சின்ன டீம் 2013ல ஆரம்பிச்சு 2016ல முடிச்சாங்க, முதல்ல மொபைல், அப்புறம் பிசி. அனலாண்ட் நாட்டுல இருந்து நீங்க தனியா கிளம்பணும், மலை, திருட்டு ஊரு, பொட்டக்காடு எல்லாம் தாண்டி மாம்பாங் கோட்டைக்குப் போயி ஆர்ச்மேஜ்ங்கற வில்லன் மந்திரவாதி கிட்ட இருக்கற ராஜ கிரீடத்த மீட்கணும். கதைன்னு பாத்தா இவ்ளோதான், ஆனா போற வழில ஒவ்வொரு அடிக்கும் சாய்ஸ், எழுத்து நடை அட்டகாசம், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல.

என் பிரச்சனை ரீவைண்ட் மட்டும்தான். மேப்ல நீங்க தாண்டி வந்த எந்த இடத்த தொட்டாலும் கதை அங்கயே திரும்பிப் போயிடுது. செத்தாலும் சரி, சூதாட்டத்துல காசு போனாலும் சரி, எதிர்ல வந்தவன் மூஞ்சி பிடிக்கலன்னாலும் சரி. பார்ட் 1ல ஒரு வீட்டுல கூண்டுக்குள்ள அலியானான்னு ஒரு பொண்ணு அடைபட்டு கிடக்கும், பாவமேன்னு திறந்து விட்டா கொஞ்ச நேரத்துல நம்ம மேலயே ஒரு மர பூதத்த ஏவி விட்டுரும். செம சீன் அது. நல்லது பண்ணி அடி வாங்குன அந்த கடுப்பு இருக்கே, அதோட அடுத்த ஊருக்கு நடந்தாதான கதை? ஆனா எல்லாரும் என்ன பண்றோம், பின்னாடி போயி கூண்ட திறக்காம நடையக் கட்டுறோம். தெருவுல கிரிக்கெட் ஆடுறப்ப பேட் ஓனர் பையன் போல்டு ஆனா "ட்ரயல் பால்"ம்பானே, அதேதான் இது. அப்புறம் எதுக்கு சாய்ஸ்னு பேரு?

வைகைக்கரை

அண்ணே ட்ரயல் பால்ல அந்த ஒரு பந்துதான் கேன்சல். இதுல நீங்க திரும்பிப் போனா அதுக்கப்புறம் நடந்தது பூராம் போயிரும், சம்பாரிச்ச காசு, கெடச்ச சாமான், பழகுன ஆளு அம்புட்டும். காரே ஊருக்குள்ள (பார்ட் 2) வடக்கு வாசலத் திறக்குற மந்திரம் நாலு வரி, அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணுன்னு ஊரெல்லாம் செதறிக் கெடக்கும்ல, மூணு வரி தேத்திட்டு நாலாவதுல மாட்டிக்கிட்டு நிக்கிறப்பதான் தோணும், அடடா அந்தாளு கிட்ட பொய் சொல்லிருக்கக் கூடாதேன்னு. போகலாந்தான், ஆனா அந்த மூணையும் தூக்கிப் போட்டுட்டுப் போகணும். அது வெலை இல்லையா? நான் பாதிக்கு மேல சரி கெரகம்னு அப்படியே முன்னாடிதான் போனேன்.

பொறவு இன்னொண்ணு, ரீவைண்ட் இருக்கறதாலதான் கோட்டித்தனமான சாய்ஸெல்லாம் தைரியமா அமுக்குறோம். சாவுதான் முடிவுன்னா எல்லாப் பயலும் நல்லவனா பதவிசா ஒரே ரூட்டுல போவான், எழுதி வச்சதுல முக்கால்வாசிய எவனும் பாக்கவே மாட்டான்.

பனங்காய்ப்பணியாரம்

நான் புத்தகமா இருந்த காலத்திலயே தெரியும், லண்டனில இருந்து மாமா ஒராள் அனுப்பின பெட்டிக்குள்ள ரெண்டாம் பாகம் மட்டும் வந்தது, முதலாம் பாகம் இல்ல. நடுவில இருந்துதான் தொடங்கினனான், ஒண்டும் விளங்கேல்ல, ஆனா விடவும் மனமில்ல.

கொல்லிமலை அண்ணைக்கு ஒண்டு சொல்லுறன், புத்தகத்தில ரீவைண்ட் இல்லையெண்டு யார் சொன்னது? ஒரு கைவிரல் முன்ன இருந்த பக்கத்தில, இன்னொரு விரல் அதுக்கும் முந்தின பக்கத்தில, அப்பிடித்தான் எல்லாரும் வாசிச்சவை. செத்துப்போன பக்கம் வந்தா மெல்லமா விரல் வச்ச இடத்துக்கு வாறது, தாயக்கட்டை ரெண்டையும் திரும்ப உருட்டுறது, பிறகு நேர்மையா வெண்ட மாதிரி முகத்த வச்சுக்கொண்டு இருக்கிறது. இங்கிள்காரர் அந்த விரல எடுத்து மேப்பில வச்சிருக்கினம், அவ்வளவுதான்.

எனக்கு இழப்பெண்டு படுறது மந்திரம்தான். புத்தகத்தில 48 மந்திரம், ஒவ்வொண்டும் மூண்டெழுத்து, பயணம் தொடங்க முன்னம் பாடமாக்க வேணும், பிறகு மந்திரப் புத்தகத்தத் திறக்கக் கூடாது எண்டு சட்டம். ஆபத்து வரேக்க அஞ்சு மூண்டெழுத்துச் சொல்லு தருவினம், அதுக்குள்ள இல்லாத மந்திரமும் ஒளிச்சுக் கிடக்கும், பிழையா எடுத்தா ஸ்டாமினா, அதுதான் உயிர்ப்பலம், போச்சு. சோதினைக்குப் படிக்கிற மாதிரிப் படிச்சம். போனில அது வானத்து நட்சத்திரத்துக்குள்ள எழுத்துப் பொறுக்கிற விளையாட்டா மாறிட்டுது. வடிவுதான், இல்லையெண்டு சொல்லேல்ல, ஆனா பாடமாக்கத் தேவையில்ல, புத்தகம் பக்கத்திலயே இருக்கு.

சோம்பேறி_சூனியம்

அந்த நட்சத்திர விஷயத்துல நான் உங்க கட்சி இல்ல அண்ணா. எல்லா எழுத்தும் எல்லா இடத்துலயும் கிடைக்காது, அந்த இடத்து வானத்துல என்ன எழுத்து மின்னுதோ அத வச்சு என்ன சொல்லு சேரும்னு தேடணும். ஜாப்னு மின்னல் விடலாம்னு நெனச்சு போவேன், முதல் எழுத்தே இருக்காது, சரி பிக் போட்டு பெருசாகலாம்னா அது அந்த ரூம்க்கு ஒத்து வராது. பொருள் வேணுங்கற ஸ்பெல் வேற, யாஸ் போட்டு மறையணும்னா முத்து மோதிரம் இருக்கணும், ஜிக் போட்டு எதிரிய ஆட வைக்கணும்னா மூங்கில் புல்லாங்குழல் இருக்கணும். அதனால கடைல ஒரு உருப்படாத சாமானப் பாத்தா கூட இது எந்த ஸ்பெல்லுக்குன்னு மண்டை ஓடும். மனப்பாடம் பண்றது ஸ்கூல்லயே போதும் சாமி.

எனக்கு தலைவலியே சண்டைதான். ஆளை இழுத்து முன்னாடி தள்ளுனா பலமா அடிக்கும், பின்னாடி வச்சா தடுக்கும், ரெண்டு பேர்ல யாரு பலமா அடிச்சாங்களோ அவங்க அடி விழும். பலமா அடிச்சா அடுத்த ரவுண்டுக்கு தெம்பு இருக்காது. இது எல்லாம் புரியுது, புரிஞ்சும் தோக்குறேன்.

கொல்லிமலைக்காரன்

@சோம்பேறி_சூனியம் அடிக்கறதுக்கு முன்னாடி வர்ற வரிய படிக்கிறீங்களா இல்ல ஸ்கிப்பா? எதிரி மூச்சு வாங்குறான், தள்ளாடுறான், கத்திய ஓங்குறான்னு ஒவ்வொரு ரவுண்டுக்கும் எழுத்துல வரும், அடுத்து என்ன பண்ணப் போறான்னு அதுலதான் துப்பு இருக்கு. ஓங்கிட்டு வரான்னா முழுசா தடுத்துருங்க, எவ்ளோ பெரிய அடியா இருந்தாலும் ஒரு பாயின்ட்தான் போகும். அவன் காலியானதும் நீங்க போட்டுத் தாக்குங்க. சண்டையவே வாசிக்க வச்சது எனக்குத் தெரிஞ்சு இந்த கேம்தான், இத டைஸ உருட்டி முடிச்சிருந்தா சப்புனு போயிருக்கும்.

@பனங்காய்ப்பணியாரம் விரல் மேட்டர் கரெக்ட், ஒத்துக்கறேன், ஆனா புக்குல அது நம்ம திருட்டுத்தனம். கேமே உக்காந்து "வாப்பா திருடிக்கோ"ன்னு கதவ திறந்து வைக்கறது வேற. ரூல மீறுறதுல ஒரு குறுகுறுப்பு இருந்துச்சு, இப்ப அதுவும் கிடையாது.

அச்சுப்பிழை

நடுவுல ஒரு தகவல், ஸ்டீவ் ஜாக்சன்னு ரெண்டு பேரு இருக்காங்க. நம்மாளு பிரிட்டிஷ்காரர், கேம்ஸ் வர்க்‌ஷாப்ங்கற கேம் கம்பெனிய ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். இன்னொருத்தர் அமெரிக்கா, தன் பேர்லயே கேம் கம்பெனி வச்சிருக்காரு. இதுல கொடுமை என்னன்னா அமெரிக்காக்காரரும் நம்மாளு எழுதுன ஃபைட்டிங் ஃபேன்டசிங்கற கேம்புக் வரிசைக்கே சில புக் எழுதியிருக்காரு, அட்டைல ரெண்டுக்கும் ஒரே பேரு. தேடி வாங்குறவங்க பாத்து வாங்குங்க.

டெக்ஸ்ட்_மட்டும்

மந்திரம் மேப் எல்லாம் ஓகே ஆனா ரீவைண்ட் பத்தி பேசணும்னா சாய்ஸ் ஆஃப் கேம்ஸ்ங்கற கம்பெனி பக்கம் ஒரு தடவ எட்டிப் பாருங்க ப்ரோ. படம் இல்ல சத்தம் இல்ல, வெறும் எழுத்து. சாய்ஸ் ஆஃப் த ட்ராகன்தான் அவங்களோட ஆரம்ப கேம், ஃப்ரீ, அரை மணி நேரத்துல முடியும், அதுல நீங்க ஹீரோ இல்ல, ட்ராகன், ஊருக்குள்ள போயி இளவரசிய தூக்கிட்டு வர்ற பார்ட்டியே நீங்கதான். பேக் பட்டன் கிடையாது, நீங்களா சேவ் பண்ணி வச்சுக்கவும் முடியாது. அமுக்குனா அமுக்குனதுதான், வேணாம்னா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

அதுவும் அங்க ஸ்டாட்ஸ், அதாவது நம்ம குணத்துக்கு கேம் போடுற மார்க், வேலை செய்ற விதமே வேற. முரட்டுத்தனம் ஒரு பக்கம் நளினம் ஒரு பக்கம்னு ஒரே தராசு மாதிரி கோடு, ஒண்ணு ஏறுனா இன்னொண்ணு இறங்கும். ரெண்டுலயும் நல்ல பேரு வாங்கலாம்னு நடுவுல நின்னீங்கன்னா எந்த சோதனையிலயும் தேற மாட்டீங்க. நீ யாருன்னு முடிவு பண்ணு, அப்புறம் அதுலயே நில்லு, அவ்ளோதான். சோர்சரில நான் நல்லவனா கெட்டவனான்னு கேமுக்கு பெருசா கவலை இருக்கற மாதிரி எனக்கு தெரியல, எனக்கு அந்த ஹீரோ யாருன்னே கடைசி வரைக்கும் பிடிபடல.

வைகைக்கரை

யோவ் டெக்ஸ்டு, ப்ளாங்கர மறந்துட்டியா? பார்ட் 1ல நம்மளப் போடுறதுக்கு மறைஞ்சு நின்னு பாயுற ஆளு. ஜெயிச்ச பொறவு உசுரோட விட்டா பார்ட் 2ல அந்த ஆளு நமக்கு உதவியா வந்து நிக்கும், கொன்னுட்டா அங்க ஒண்ணுமில்ல. சேவ் ஒரு பார்ட்ல இருந்து அடுத்த பார்ட்டுக்கு அப்படியே வருது, கத்தி, காசு, செஞ்ச பாவம் எல்லாம். நீ நல்லவன் 63 பர்சன்ட்டுன்னு கோடு போட்டுக் காட்டல, அதுக்காக கணக்கு இல்லன்னு ஆயிருமா.

ட்ராகன் கேம நானும் ஆடிருக்கேன். ஒவ்வொரு சாய்ஸும் பரீட்சை கேள்வி மாதிரிதான் தெரிஞ்சுச்சு, எந்த ஸ்டாட்டுக்கு இது மார்க்குன்னு யோசிச்சே அமுக்க வேண்டி இருந்துச்சு. கதைய எவன் படிக்கிறான் அதுல.

டெக்ஸ்ட்_மட்டும்

படிக்காம அமுக்குனது உங்க பிரச்சனை அண்ணாச்சி, கேம் பிரச்சனை இல்ல 🙂

சிறுவாணித்தண்ணி

பார்ட் 3 ஸ்பாய்லர், ஆடாதவிங்க தாண்டிப் போயிருங்க.

ஏனுங்க, ரீவைண்ட் ரீவைண்ட்னு இத்தன பேசறீங்க, மூணாவது பார்ட்டையே அவிங்க அத வச்சுத்தான் கட்டியிருக்காங்கன்னு ஒருத்தருமே சொல்லலியே. பேக்லாண்ட்ஸ்ங்கற பொட்டக்காட்டுல அங்கங்க கோபுரம் நிக்குமுங்க, அது மேல ஏறி வெளிச்சத்த எந்தப் பக்கம் திருப்பறமோ அந்த நெலம் மட்டும் பழைய காலத்துக்குப் போயிரும். இப்ப பாழடைஞ்சு கெடக்கற எடத்துல அப்ப ஊரு இருக்கும், ஆளுக நடமாடும். ஒரே எடத்துக்கு ரெண்டு காலம். இங்க போகோணும்னா முதல்ல அங்க போயி வெளிச்சத்தத் திருப்பிட்டு வரோணும். முதல் ரெண்டு பார்ட்டுல முன்னாடி முன்னாடின்னு போயிட்டே இருந்த மனுசன இங்க கொண்டாந்து இஷ்டத்துக்குச் சுத்துன்னு விட்டுட்டாங்க.

ஏழு பாம்புக, சூரியன் நிலா நெருப்பு தண்ணி காத்து மண்ணு காலம்னு ஆளுக்கொண்ணு. எல்லாம் ஆர்ச்மேஜுக்குச் சேதி கொண்டு போறதுக. முன்னாடியே மடக்கலீன்னா நாம வர்றது அங்க தெரிஞ்சு போயிரும். ஆனா எல்லாத்தையும் தேடிப் புடிச்சே ஆகோணும்னு கட்டாயம் இல்லீங்க, போதும்னு நெனச்சா கெளம்பிரலாம். எனக்கு சாய்ஸுன்னா இதுதானுங்க. இடமா வலமான்னு கேக்கறது இல்ல, எத்தன வேலைய முடிக்காம விட்டுட்டுப் போறதுக்கு உனக்கு மனசு வருதுன்னு கேக்கறது.

கொல்லிமலை அண்ணா சொன்ன குறை முதல் பார்ட்டுக்கு பொருந்துமுங்க. மூணாவதுக்குச் சுத்தமா பொருந்தாது, அங்க திரும்பிப் போறதே ஆட்டம்.

சோம்பேறி_சூனியம்

பார்ட் 3 தான் எனக்கு விட்டுப் போச்சு. எந்த கோபுரத்த எந்தப் பக்கம் திருப்புனேன்னே மறந்துடும், நாலு நாள் கழிச்சு திறந்தா எங்க நிக்கிறேன், எதுக்கு வந்தேன் ஒண்ணும் ஞாபகம் இருக்காது. வேலைக்குப் போய்ட்டு பஸ்ல ஆடுறவங்களுக்கு செட் ஆகாது, லீவு நாள்ல மொத்தமா உக்காரணும். காரே மாதிரி ஒரு ஊரு, நாலு வரி மந்திரம், ஒரு கதவு, அதுதான் எனக்கு சரிப்படும்.

மண்சாலை

ரீவைண்டுக்கு மாத்து தேடுறவங்களுக்கு ரோட்வார்டன். 2022ல வந்துச்சு, பிசி. காட்டுக்குள்ள ரோட்டக் காக்கற காவல்காரன் வேலை, ஊருக்கு ஊரு போயி பேசணும், அவங்க நம்பிக்கைய வாங்கணும். நார்மல்ல ஆடுனா 40 நாள் கணக்கு, பயணம், தூக்கம், பேச்சு எல்லாமே நேரத்த தின்னும். சில இடத்துல சாய்ஸ் லிஸ்டே வராது, நீயே வார்த்தைய டைப் பண்ணணும், முன்னாடி யாரோ சொன்ன பேர கவனிச்சிருந்தாதான் கேக்கத் தோணும். அங்க ஒரு ஊர்ல உதவி பண்றேன்னா இன்னொரு ஊர கைவிடுறேன்னு அர்த்தம், ஏன்னா சூரியன் இறங்கிடும். பழைய சேவ் எடுத்துக்கலாம்தான், ஆனா என்ன பண்ணாலும் 40 நாள் 41 ஆகாது. நான் ரீவைண்டுக்கும் எதிரி இல்ல பேக் பட்டன் இல்லாததுக்கும் ரசிகன் இல்ல, எனக்கு எதையாச்சும் இழக்கணும், அவ்ளோதான்.

ஃபாலன் லண்டன்னு ஒண்ணு இருக்கு, 2009ல இருந்து ஓடுது, ப்ரௌசர்லயே ஆடலாம், அங்கயும் எழுத்து பிரமாதம். ஆனா ஆக்‌ஷன் தீந்துட்டா பத்து நிமிஷத்துக்கு ஒண்ணுன்னுதான் திரும்ப வரும், காத்துட்டு இருக்கற பொறுமை உள்ளவங்க போங்க.

வரிக்குதிரை_டெவ்

சாய்ஸ் எப்படி ஞாபகம் வச்சுக்குதுன்னு பேச்சு வந்ததால சொல்றேன். இங்கிள் டீம் இத எழுத சொந்தமா ஒரு ஸ்கிரிப்ட் மொழி வச்சிருக்காங்க, பேரு இங்க், 2016ல ஓப்பன் சோர்ஸா விட்டுட்டாங்க, யாரு வேணா காசு இல்லாம எடுத்துக்கலாம். அதுல அழகான விஷயம், ஒவ்வொரு பகுதிக்கும் ப்ளேயர் எத்தன தடவ வந்தாருங்கற கணக்கு தானா ஏறும். நீங்க தனியா வேரியபிள் எதுவும் போட வேணாம், "இந்தப் பொண்ண பாத்தவனா இருந்தா இந்த வரிய காட்டு, இல்லன்னா அத காட்டு"ன்னு எழுதுனா முடிஞ்சுது. வைகைக்கரை சொன்ன கோடு போட்டு காட்டாத கணக்கு இப்படி சின்னச் சின்ன ஞாபகமாதான் இருக்கும். ஸ்டாட் பார்ல 5 ஏத்துறது சுலபம், நூறு வரில நூறு வித்தியாசம் எழுதுறதுதான் உசுர வாங்கும், அந்த வேலைய அவங்க செஞ்சிருக்காங்க.

நான் இதுல தமிழ்ல ஒரு சின்ன கதை எழுதிப் பாத்தேன். இங்கின்னு எடிட்டரும் ஃப்ரீ, அதுல இருந்து வெப் பேஜா எக்ஸ்போர்ட் பண்ணா ப்ரௌசர்ல தமிழ் ஒழுங்கா வரும். யூனிட்டிங்கற கேம் செய்யுற சாஃப்ட்வேருக்குள்ள கொண்டு போனா சிக்கல், அதுல எழுத்து காட்டுற டெக்ஸ்ட்மெஷ் ப்ரோல தமிழ் எழுத்து சேராது, கொம்பு எழுத்துக்கு முன்னாடி நிக்காம பின்னாடி போய் நிக்கும். அதுக்கு சுத்து வழி இருக்கு ஆனா தலைய பிச்சுக்கணும், ஆரம்பிக்கறவங்க வெப்லயே இருங்க.

பனங்காய்ப்பணியாரம்

தம்பி, லிங்க் போடுங்கோ. தமிழில வாசிச்சு வாசிச்சுச் சாகிற ஆட்டம் நான் இன்னும் காணேல்ல.

வரிக்குதிரை_டெவ்

இன்னும் ரெண்டு முடிவு எழுதலண்ணா. முடிச்சிட்டு தனி இழை போடுறேன்.

கொல்லிமலைக்காரன்

சிறுவாணி சொன்னது யோசிக்க வைக்குது, பார்ட் 3ய நான் இந்த கோணத்துல பாக்கல. ஆனாலும் பார்ட் 1, 2க்கு என் ஆசை ஒண்ணு இருக்கு: ஆரம்பத்துலயே ரீவைண்ட் இல்லாத மோட் ஒண்ணு கேட்டிருக்கலாம். வேணுங்கறவன் எடுத்துக்கட்டும். "உனக்கு வேணாம்னா அமுக்காத"ன்னு சொல்லுவீங்க, தெரியும். கைக்கெட்டுற தூரத்துல பட்டன வச்சிட்டு அமுக்காதன்னா நான் என்ன முனிவனா? மர பூதம் அடிச்சு ஸ்டாமினா ரெண்டுல நிக்கறப்ப கை தானா போகுது.

டெக்ஸ்ட்_மட்டும்

போகும் போகும். அதுக்குதான் ட்ராகன் ஆடுங்கன்னேன்.

புதுசா_வந்தவன்

வணக்கம், இந்த இழைய படிச்சிட்டுதான் வாங்குனேன். நேரா பார்ட் 3ல ஆரம்பிக்கலாம்னு இருந்துச்சு ஆனா பார்ட் 1ல இருந்தே போறேன், ஆள் கூடவே வருவாருன்னு சொன்னீங்கல்ல. ஒரு டவுட், எனக்கு ஸ்பெல்லே வேலை செய்ய மாட்டேங்குது. ஆரம்பத்துல நல்லாதான் இருந்துச்சு, இப்ப ஒண்ணும் போட முடியல. கேம்ல எரரா இல்ல என் போன் பழசா?

சிறுவாணித்தண்ணி

கூடவே குட்டியா ஒண்ணு பறந்துட்டு வருதுங்களா?

புதுசா_வந்தவன்

ஆமா, ஜான்னு பேரு. நல்லா பேசுது, வழித்துணைக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

வைகைக்கரை

போன் மேல பழியப் போடாதய்யா. அது மினிமைட்டு, பக்கத்துல இருந்தா மந்திரம் ஓடாது. தொலைக்கிறதுக்கு வழி பாரு, இல்லன்னா கத்தியத் தீட்டிக்க.